பட்டாளத்துத் தாத்தாவின் மஞ்சள் உடம்பு

கேள்வி: டாக்டர் ஐயா அவர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம். என் அம்மாவின் அப்பா 1943இல், பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். துப்பாக்கிச் சிப்பாய் இல்லை, ஆஸ்பத்திரிப் பிரிவில் நர்சிங் ஆர்டர்லி. இம்பால், பர்மா என்று போய்விட்டு 1946 தொடக்கத்தில் ஊர் திரும்பியபோது உடம்பெல்லாம் மஞ்சள் பூசியதுபோல் இருந்ததாம். காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மஞ்சள் மெல்லக் குறைந்திருக்கிறது. ஆனால் ஒன்றரை மாதம் கழித்துக் குளிர்காய்ச்சல் வந்து, கட்டிலே ஆடும்படி நடுங்கினாராம். "காமாலை உள்ளே இறங்கிடுச்சு" என்றார்களாம். அந்தக் காய்ச்சல் இரண்டு மூன்று வருடம் விட்டுவிட்டு வந்து, தானாகவே நின்றுபோனது. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் ஒருமுறை ஏதோ மாத்திரை தின்று சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனதாக ஆயாவிடம் சொல்லியிருக்கிறார். அதிகம் பேசமாட்டார். ஊரில் 'சண்டை போடாத பட்டாளத்தான்' என்று கேலி செய்வார்களாம். 1981இல் இறந்தார்.

போன வருடம் தாத்தாவின் மகன், அதாவது என் மாமா, கல்லீரல் சுருங்கி இறந்துவிட்டார். "அப்பனுக்கு வந்த காமாலை மகனுக்கும்" என்று உறவில் பேசுகிறார்கள். எனக்கு 36 வயது. எனக்கும் வருமா? தாத்தாவின் பெட்டியில் கிடைத்த மருத்துவ அட்டையின் நகலை இணைத்திருக்கிறேன். அதில் எழுதியிருப்பது என்ன? அவருடைய பட்டாளத்துப் பதிவுகள் எங்காவது கிடைக்குமா?

பதில்: உங்கள் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாத்தாவுக்கு ஊர் திரும்பியபோது இருந்தது அநேகமாகக் காமாலையே இல்லை. மாமாவின் கல்லீரலுக்கும் அந்த மஞ்சளுக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்களே, கடுங்காப்பி நிறச் சிறுநீர் என்று, அதை மட்டும் நீங்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடிதத்தில் உங்களைத் தொடுகிற விஷயம் அது ஒன்றுதான்.

மஞ்சள் குறையக் குறையக் காய்ச்சல் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். வைரஸ் காமாலையில் இது தலைகீழாக நடக்கும். முதலில் சில நாள் காய்ச்சல், பசியின்மை, குமட்டல். அப்புறம்தான் கண் மஞ்சளாகும், அதற்குள் காய்ச்சல் பெரும்பாலும் இறங்கியிருக்கும். மஞ்சள் போனபின் குளிர்காய்ச்சல் வருகிறது என்றால், மஞ்சளைக் கொடுத்த ஏதோ ஒன்றுதான் அதுவரை காய்ச்சலைத் தடுத்து வைத்திருந்தது என்று அர்த்தம். 1946இல் பர்மாவிலிருந்து திரும்பிய ஒரு பட்டாளத்துக்காரர் விஷயத்தில் அது என்ன என்று யோசிக்கவே வேண்டாம். மெப்பாக்ரின் மாத்திரை.

மலேரியாவுக்கு அதுவரை கொய்னாதான் மருந்து. உலகத்துக் கொய்னாவில் பெரும்பகுதி ஜாவாவின் சின்கோனா மரப்பட்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்ததும் அந்த வழி அடைபட்டது. நம் நீலகிரியில் நடுவட்டம், தொட்டபெட்டா பக்கம் அரசாங்கத் தோட்டங்கள் இருந்தன. ஒரு பெரும்போருக்கு அவை எந்த மூலைக்கு? ஆகவே ஜெர்மானியர் 1930களில் சாய வேதியியலிலிருந்து உருவாக்கியிருந்த மெப்பாக்ரினை நேச நாட்டுப் படைகள் கையில் எடுத்தன. நாளுக்கு ஒரு மாத்திரை, 100 மில்லிகிராம். பாகற்காய் தோற்கும் கசப்பு. சில வாரம் தொடர்ந்து தின்றால் தோல் மஞ்சளாகிவிடும். கண்ணின் வெள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். காமாலையில் முதலில் மஞ்சளாவதே கண்தான். உங்கள் ஆயா இருந்தால் "கண்ணும் மஞ்சளா இருந்ததா?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கீழாநெல்லியைப் பழிக்க எனக்கு மனமில்லை, ஆனால் இந்த விஷயத்தில் பெருமை அதற்குச் சேராது. மாத்திரையை நிறுத்தினால் சாயம் தானாகவே சில வாரங்களில் வெளுக்கும்.

இந்த மாத்திரையை அவர் தின்றது மட்டுமில்லை, பிறரைத் தின்னவைத்த வேலையிலும் இருந்திருப்பார். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேலிக்கும் பதில் அதில் இருக்கிறது.

உங்கள் தாத்தா சேர்ந்த 1943இல்தான், ஏப்ரல் 3ஆம் தேதி, இந்திய மருத்துவப் பணி, இந்திய மருத்துவத் துறை, இந்திய ஆஸ்பத்திரிப் படை மூன்றையும் ஒன்றாக்கி இந்திய ராணுவ மருத்துவப் படையை அமைத்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை. பர்மா எல்லையில் இருந்த படையை ஜப்பானியரைவிட நோய்தான் அதிகம் தின்றுகொண்டிருந்தது. பதினான்காம் படையின் தளபதி ஸ்லிம் பிற்பாடு எழுதியதன்படி, 1943இல் காயம்பட்டுப் பின்னால் அனுப்பப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர். மலேரியா மட்டும் ஆண்டுக்கு நூற்றுக்கு 84 என்ற கணக்கில் வந்தது. மலேரியா வந்த ஒருவனை ரயிலிலும் கப்பலிலும் ஏற்றி இந்தியாவின் உள்பகுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அவன் திரும்பி வர மாதக்கணக்காகும். அதனால் போர்முனைக்குச் சில மைல் பின்னாலேயே மூங்கில் கொட்டகைகளிலும் கூடாரங்களிலும் மலேரியா சிகிச்சை முகாம்களைப் போட்டார்கள். அங்கே மூன்று வாரத்தில் ஆளைத் தேற்றித் திருப்பி அனுப்பலாம். அந்த முகாம்களை நடத்திய கைகள் நர்சிங் ஆர்டர்லிகளுடையவை.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். அதைத் தின்றால் ஆண்மை போய்விடும் என்று படை முழுக்க வதந்தி. வாயில் போட்டுக்கொண்டு, அந்தப்பக்கம் போய்த் துப்பிவிடுவார்கள். ஆகவே சாயங்காலம் வரிசையில் நிற்கவைத்து, மாத்திரையைக் கையில் கொடுத்து, தண்ணீர் குடிக்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைத் தூக்கிப் பார்க்கிற ஏற்பாடு வந்தது. ஸ்லிம் திடீர்ச் சோதனை வைத்தார். ஒரு பிரிவில் நூற்றுக்கு 95 பேருக்குக் குறைவாக மாத்திரை தின்றிருந்தால் அந்தப் பிரிவின் தலைமை அதிகாரிக்கு வேலை போகும். மூன்று பேரை நீக்கியதும் மற்றவர்கள் புரிந்துகொண்டார்களாம். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், தன்னைவிட வயதிலும் உடம்பிலும் பெரிய சிப்பாய்களின் வாய்க்குள் எட்டிப் பார்த்து "முழுங்கு" என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள். அந்த வேலையில் யாரும் நல்ல பெயர் வாங்க முடியாது.

இப்போது அட்டை. நகல் மங்கலாக இருந்தாலும் நான்கு பதிவுகளைப் படிக்க முடிகிறது. 'என்.ஒய்.டி. ஃபீவர்' என்றால் இன்னும் நோய் தீர்மானிக்கப்படாத காய்ச்சல். அதற்கு அடுத்த பதிவில் உள்ள 'பி.டி.', ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் மலேரியா வகை. நாம் முறைக்காய்ச்சல் என்போம், இன்றைய பெயர் வைவாக்ஸ். உயிரை அதிகம் எடுக்காது, ஆளையும் விடாது. இந்தக் கிருமி ரத்தத்தில் மட்டும் இருப்பதில்லை. கொசு கடித்ததும் முதலில் கல்லீரலுக்குப் போய், ஒரு பகுதி அங்கேயே உறங்கிவிடும். வாரங்கள், மாதங்கள் கழித்து எழுந்து ரத்தத்துக்கு வரும். மெப்பாக்ரின் ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும். கல்லீரலில் உறங்குவதை அதனால் தொடமுடியாது. மாத்திரை தின்னும்வரை சிப்பாய் நன்றாக இருப்பான். பட்டாளத்திலிருந்து விலகி ஊருக்கு வந்து மாத்திரையை நிறுத்துவான். உடம்பில் சேர்ந்திருக்கும் மருந்து மெல்லத்தான் கரையும். மஞ்சளும் கரையும், காவலும் கரையும். பிறகு ஒருநாள் பல் கிட்டிக்கும் குளிர். உங்கள் தாத்தாவின் ஒன்றரை மாதக் கணக்கு இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. இரண்டு மூன்று வருடத்தில் இந்த வகை பெரும்பாலும் தானே ஓய்ந்துவிடும், அதுவும் பொருந்துகிறது. கிருமி கல்லீரலில் வளர்கிறது என்பதை 1948இல்தான் கண்டுபிடித்தார்கள். உறங்கும் வடிவத்தைக் கண்ணால் பார்த்தது 1980களில். 1946இல் ஊர்க்காரர்கள் காமாலை உள்ளே இறங்கிவிட்டது என்று சொன்னதற்கு அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? கல்லீரலில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்றவரை அவர்கள் சொன்னது தப்பில்லை.

மூன்றாவது பதிவு 'கியூ.எம்.பி.' அது நோயின் பெயரில்லை, அன்றைய சிகிச்சை முறை. முதலில் சில நாள் கொய்னா, அடுத்து மெப்பாக்ரின், கடைசியாகப் பமாக்வின். இந்த மூன்றாவது மருந்துதான் கல்லீரலில் உறங்குவதைக் குறிவைக்கும் மருந்து. அட்டையில் கியூவுக்கும் எம்முக்கும் எதிரே நாள் கணக்கு எழுதியிருக்கிறது. பி என்ற எழுத்தின்மேல் கோடு கிழித்து 'ஸ்டாப்டு' என்று எழுதியிருக்கிறார்கள். ஆயா சொன்ன கடுங்காப்பியும் இந்தக் கோடும் ஒரே சம்பவத்தின் இரண்டு சாட்சிகள் என்று நினைக்கிறேன்.

சிலருடைய ரத்தச் சிவப்பணுக்களில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். சாதாரணமாக ஒரு தொந்தரவும் இருக்காது. ஆனால் பமாக்வின் போன்ற மருந்து உள்ளே போனால் இரண்டு மூன்று நாளில் சிவப்பணுக்கள் கூட்டமாக உடைந்து, சிறுநீர் கறுக்கும். ஆள் வெளுத்துப்போவான், கண்ணும் மஞ்சளாகும். சிலருக்கு இப்படி ஆகிறது என்பது போர்க்கால டாக்டர்களுக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. 1956இல்தான் இந்த நொதிக் குறைவு அடையாளம் காணப்பட்டது. ஆக, அந்த முகாமில் யாரோ ஒருவர் சிறுநீரின் நிறத்தைக் கவனித்து மாத்திரையை நிறுத்தியதால் உங்கள் தாத்தா பிழைத்தார். நிறுத்தியதாலேயே கல்லீரலில் கிருமி தங்கி, ஊரில் நடுங்கினார். இதற்கு இன்னொரு சாத்தியமும் உண்டு: கடும் மலேரியாவோடு கொய்னாவும் சேரும்போது சிலருக்குக் கருநீர்க் காய்ச்சல் வரும். கோடு கிழித்த இடத்தைப் பார்த்தால் நான் முதல் காரணத்தின் பக்கம்தான் சாய்வேன்.

இது பரம்பரையாக வருவது. ஆனால் வருகிற வழி, உங்கள் உறவினர்கள் பேசுகிற வழி இல்லை. இந்த நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய். மகளுக்குக் கொடுப்பதுதான் எக்ஸ். எனவே தாத்தாவிடமிருந்து மாமாவுக்கு இது போயிருக்கவே முடியாது. தாத்தாவுக்குக் குறை இருந்தது உண்மையானால் உங்கள் அம்மாவுக்குக் கட்டாயம் அந்த மரபணு வந்திருக்கும். அம்மாவிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகள் வயிற்றுப் பேரன் நீங்கள். கேட்க வேண்டியவர்தான் கேட்டிருக்கிறீர்கள்.

ஜி6பிடி அளவைப் பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை போதும். ஊசி குத்துவதற்கு முன்னால் பயந்துகொண்டு இருக்காதீர்கள், குறை இருந்தாலும் அது நோயாளி வாழ்க்கை இல்லை. மருந்துச் சீட்டு எழுதும் டாக்டரிடம் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மலேரியாவுக்கு இன்று கொடுக்கும் பிரைமாக்வின், தொழுநோய்க்கும் சில தோல் நோய்களுக்கும் கொடுக்கும் டாப்சோன் இரண்டும் முக்கியமாகத் தவிர்க்க வேண்டியவை. பீரோவில் போடும் பாச்சை உருண்டையும் ஆகாது. வீட்டில் கைக்குழந்தை இருந்து அதற்கும் இந்தக் குறை இருந்தால், உருண்டை போட்டு வைத்த துணியில் சுற்றக் கூடாது, கை கால் முழுக்க மருதாணி அப்பவும் கூடாது. உங்கள் சகோதரிகளுக்கு ஆண் குழந்தை இருந்தால் அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

மாமாவின் விஷயம் தனி. கல்லீரல் சுருங்குவதற்கு நம் பக்கம் நாங்கள் அன்றாடம் பார்க்கும் காரணங்கள் குடி, ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள், சர்க்கரையோடும் பருமனோடும் சேர்ந்து வரும் கொழுப்புக் கல்லீரல். மாமா குடித்தாரா என்று நீங்கள் எழுதவில்லை, நானும் அனுமானிக்கப் போவதில்லை. இவற்றில் ஹெபடைடிஸ் பி முக்கியமாகப் பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு வரக்கூடியது. அதனால் மாமாவின் கடைசி ஆஸ்பத்திரிக் கோப்பில் அந்தப் பரிசோதனை என்ன சொல்கிறது என்று பாருங்கள். 'பாசிட்டிவ்' என்று இருந்தாலோ, பரிசோதனையே செய்யப்படவில்லை என்றாலோ, அம்மாவும் அவர் கூடப்பிறந்தவர்களும் நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நான்காவது பதிவு, 1944 செப்டம்பர், 'டைபஸ்'. அங்கே அந்த மாதத்தில் அது புல்பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ்தான். இம்பால் முற்றுகை அந்த ஆண்டு ஜூனில் உடைந்தபின், கொட்டும் மழையில் திட்டிம் சாலை வழியாகவும் கபா பள்ளத்தாக்கு வழியாகவும் படை ஜப்பானியரைத் துரத்திக்கொண்டு போனது. யானைப்புல் மண்டிய பழைய வெட்டவெளிகளில் கூடாரம் அடிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குஞ்சு காலில் ஏறி இடுப்புவாரின் ஓரம், அக்குள், தொடையிடுக்கு என்று போய்க் கடிக்கும். பத்து நாள் கழித்துக் காய்ச்சல். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு. அப்போது இதற்கு மருந்தே கிடையாது. குளோராம்பெனிகால் வந்தது 1948இல். இரண்டு வாரம் பிதற்றிக்கொண்டும் காது கேட்காமலும் கிடக்கும் ஆளுக்கு ஈரத்துணியால் ஒற்றியெடுப்பது, கரண்டியால் நீராகாரம் புகட்டுவது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடுவது, வாயைத் துடைப்பது. பிழைத்தவர்கள் பெரும்பாலும் இந்தப் பணிவிடையில்தான் பிழைத்தார்கள். உங்கள் தாத்தா அதைச் செய்தவர், பிறகு அதே கட்டிலில் கிடந்தவர். (இந்தக் காய்ச்சல் நோயாளியிடமிருந்து தொற்றாது. அவருக்கும் புல்லில்தான் வந்திருக்கும்.)

இதே நோய் வேலூர் வட்டாரத்தில் மழைக்காலத்தை ஒட்டி இன்றும் வருகிறது. ஆடு மேய்க்கப் போனவர், புல்லறுக்கப் போனவர் யாருக்காவது ஐந்து நாள் தாண்டிக் காய்ச்சல் இறங்கவில்லை என்றால், துணியை விலக்கி அந்தக் கறுப்புப் பொருக்கைத் தேடச் சொல்லுங்கள். டாக்சிசைக்கிளின் மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும், சீக்கிரம் கொடுத்தால்.

அதிகம் பேசமாட்டார் என்றீர்கள். மெப்பாக்ரின் ஆயிரத்தில் ஒருசிலருக்கு மனக்குழப்பத்தைக் கொடுத்தது உண்மை. ஆனால் அது நிறுத்திய சில வாரங்களில் தெளியும், 35 வருட மௌனத்துக்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. போர் காரணமாக இருக்கலாம், இயல்பாகவே அப்படிப்பட்டவராகவும் இருக்கலாம். இறந்து இத்தனை வருடமான ஒருவருக்கு மனநோய்ப் பெயர் சூட்ட நான் தயாராக இல்லை. 'சண்டை போடாத பட்டாளத்தான்' என்று கேலி செய்தவர்களுக்கு மட்டும் ஒன்று: 1944 பிப்ரவரி 7ஆம் தேதி இரவு பர்மாவின் அரக்கான் பகுதியில் ஜப்பானியர் ஒரு சிகிச்சை நிலையத்துக்குள் புகுந்து, படுக்கையில் கிடந்த நோயாளிகளையும் டாக்டர்களையும் பணியாளர்களையும் கொன்றார்கள். செஞ்சிலுவைக் கொடி அங்கே யாரையும் காக்கவில்லை. இம்பால் முற்றுகையின்போது நோயாளிகளும் காயம்பட்டவர்களுமாகச் சுமார் 13,000 பேரை விமானத்தில் வெளியேற்றினார்கள். அவர்களை விமானம்வரை தூக்கிப்போய் ஏற்றியதும் இந்தப் பிரிவினர்தான்.

பதிவுகளுக்கு, முதலில் அட்டையின் மேல்மூலையில் உள்ள எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அதன் கீழே 'இந்தியன் ஃபீல்டு ஆம்புலன்ஸ்' என்று இருப்பது வண்டியில்லை, நடமாடும் மருத்துவப் பிரிவின் பெயர். தாத்தா டிரைவராக இருந்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராணுவ மருத்துவப் படையின் பதிவு அலுவலகம் லக்னோவில் இருக்கிறது. எண், பெயர், தகப்பனார் பெயர், ஊர், அன்றைய வட ஆற்காடு மாவட்டம் என்ற குறிப்பு, சேர்ந்த வருடம், விலகிய வருடம், அட்டையின் நகல், நீங்கள் இன்ன உறவு என்பதற்கான சான்று எல்லாம் சேர்த்துப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். மூலத்தை அனுப்பிவிடாதீர்கள். போர் முடிந்து விலகிய சாதாரணச் சிப்பாய்களின் கோப்புகள் எல்லாம் தப்பியிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரியுங்கள். ஆயா எப்போதாவது போர்வீரர் மனைவி என்று உதவித்தொகைக்கு மனுப் போட்டிருந்தால், லக்னோவில் இல்லாத விவரம் அந்தக் கோப்பில் கிடைக்கக்கூடும். ஜி6பிடி முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்; அம்மாவுடையதையும் சேர்த்து எடுத்தால், அந்தக் கோடு கிழித்த பி பற்றி இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும்.